காற்றைக் கண்டுபிடித்த உதவிச் செயற்பொறியாளர்

ஆனி பிறந்து நான்காம் நாள், சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகும் சாலையோரம் பதிக்கப்பட்டு வந்த இரும்புக் குழாயில் நூற்றுப் பன்னிரண்டு துளைகள் இருப்பதைக் குழாய்ப் பற்றவைப்புத் தரக் காப்பு வாரியம் கண்டறிந்தது. வாரியம் தொடங்கிய ஆறு வருடங்களில் அது கண்டறிந்த முதல் விஷயம் இதுதான் என்பதால் அலுவலகத்தில் அன்று எல்லோருக்கும் கேசரி கொடுக்கப்பட்டது.

துளைகள் அத்தனையும் ஆதம் என்கிற ஒரே வெல்டரின் வேலையில்தான் இருந்தன என்று அறிக்கை சொன்னது. அந்தத் திட்டத்தில் வேறு வெல்டர் கிடையாது என்பதை அது சொல்லவில்லை.

ஆதமுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு வருடம் வளைகுடா நாடுகளில் எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்துவிட்டு ஊர் திரும்பியவர். பாலைவனத்தில் அவர் போட்ட ஜாயின்ட்டுகள் இன்னும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கிடக்கின்றன. இங்கே கரிசல் மண்ணில் போட்டவை பொத்தலாகிப் போனது அவருக்கே கூச்சமாக இருந்தது. எக்ஸ்ரே எடுக்கும் ஜோஷ்வா பிலிமை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். வெல்டு ஓடிய கோடு நெடுகக் கடுகை இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள்.

“காத்து,” என்றார் ஆதம்.

“காத்துதான்,” என்றார் ஜோஷ்வா. “ஆனா என்கிட்ட எத்தனைன்னுதான் கேக்காவ. ஏன்னு கேக்கலை.”

விஷயம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இந்த வகை வெல்டிங்கில் இரும்பு உருகிக் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரம், வெல்டர் பிடிக்கும் துப்பாக்கியின் மூக்கிலிருந்து ஒரு வாயு வந்து அதன்மேல் போர்வை போலப் படிந்திருக்கும். வெளிக்காற்று உருகிய இரும்பைத் தொடாமல் அது பார்த்துக்கொள்ளும். போர்வை விலகினால் காற்று உள்ளே நுழைந்துவிடும். இரும்பு இறுகும்போது வெளியேற வழியில்லாமல் குமிழ் குமிழாகத் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியும். தண்ணீரை அழுத்தத்தோடு விடுகிற அன்று ஊருக்கே தெரியும்.

ஆனியிலும் ஆடியிலும் மேற்கே மலை இடுக்கில் புகுந்து வரும் காற்று சங்கரன்கோவில் பக்கத்தில் ஆள் ஓட்டிவரும் சைக்கிளையே சாய்த்துவிடும். அதற்கு முன்னால் அந்த வாயுப் போர்வை எம்மாத்திரம்.

இதை அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் ஆதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருந்த வாரிய அலுவலகத்துக்குப் போனார். உதவிச் செயற்பொறியாளர் சுயம்புலிங்கம் நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசமாட்டார். எதிலும் அவசரப்படமாட்டார். முப்பது வருட சர்வீசில் அவர் எடுத்த முடிவு என்று ஒன்றைக்கூட யாரும் சுட்டிக்காட்ட முடியாது.

“வாரும்வே. நூத்திப் பன்னெண்டு. என்ன சொல்லுதீரு?”

“காத்து சார். மேக்கருந்து அடிக்குற அடியில கேஸு நிக்கமாட்டேங்கு. மேக்குப் பக்கம் ஒரு தார்ப்பாய் மறைப்பு வேணும். அப்புறம் குழாயோட வாய ரெண்டு பக்கமும் அடைக்கணும். அங்கன திறந்த வாய் வழியா புகுந்த காத்து இங்கன ஜாயின்ட்டு இடுக்குல ஊதுது. அடியிலிருந்து ஊதுனா என்ன செய்யது.”

சுயம்புலிங்கம், எதிரே உட்கார்ந்திருந்த இளநிலைப் பொறியாளர் ஷீலாவைப் பார்த்தார். ஷீலா படிவம் ஒன்பதை எடுத்துப் புரட்டினார். துளைக்கான காரணம் என்ற தலைப்பின் கீழ் ஆறு கட்டங்கள் இருந்தன. வெல்டரின் கவனக்குறைவு, வெல்டரின் அனுபவக்குறைவு, வெல்டரின் உடல்நிலை, வெல்டரின் மனநிலை, வெல்டரின் குடும்பச் சூழல், வெல்டர் தொடர்பான பிற காரணங்கள்.

“காத்து இல்லையே சார்,” என்றார் ஷீலா.

“பாத்தீரா. இல்லை.”

“வெளியே அடிக்கே சார்,” என்றார் ஆதம்.

“வெளியே அடிக்கட்டும்வே. படிவத்துல அடிக்கலையே. காத்துங்கறது வானிலைக்காரங்களுக்குப் பாத்தியப்பட்டது. அவங்க சமாச்சாரத்துல நாம கைவச்சா நாளைக்கு அவங்க நம்ம துளையில கைவப்பாங்க. அப்புறம் வாரியம் எதுக்கு?”

ஆதம் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கம் மேசையில் இருந்த காகிதங்கள்மேல் கட்டுக்கொரு கல் வைத்திருந்தார்.

ஷீலா குரலைத் தாழ்த்தினார். “பாய், கவனக்குறைவுன்னு டிக் பண்ணுனா மெமோ வரும். குடும்பச் சூழல்னு போட்டா ஆலோசனை மட்டும்தான். அதையே போட்டுருதேன், என்ன?”

அவர் உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார். ஆதமும் உதவி என்று நினைத்துத்தான் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் காலை வாரியத்தின் குடும்ப நல ஆலோசகர் திருநெல்வேலியிலிருந்து ஆதமின் மனைவி முபஷ்ஷிராவுக்குப் போன் செய்தார். வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் முபஷ்ஷிரா. எப்போதிலிருந்து என்று கேட்டார்.

“கல்யாணம் ஆனதுலருந்து. அவுக வெளிநாட்டுல இருந்த பதினோரு வருஷமும் போன்லயே சண்டை. அப்ப ஒரு பொத்தலும் விழலையே.”

ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார். துளைக்குக் காரணம் தம்பதியர் தற்போது ஒரே வீட்டில் வசிப்பதாக இருக்கலாம் என்று அவருடைய அறிக்கை முடிந்தது.

குழாய் போகும் வழியில் ஒரு கிராமம். அதன் வார்டு மெம்பர் சீனியம்மாள் தினமும் வெல்டிங் நடக்கிற இடத்துக்கு வந்து நின்றுகொள்வார். அவர் ஊருக்கு ஒன்பது நாளைக்கு ஒரு தடவை லாரியில் தண்ணீர் வரும். வராத ஒன்பதாம் நாட்களும் உண்டு. அன்றைக்குப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் வீட்டு வாசலில்தான் வைப்பார்கள். வெறும் குடங்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அதைவிட அவர்கள் திட்டியிருக்கலாம் என்று ஆதமிடம் சொல்லியிருக்கிறார்.

“எப்ப பாய் தண்ணி விடுவாவ?”

“பொத்தல் நின்னா விடுவாவ. காத்து நின்னா பொத்தல் நிக்கும். இல்லைன்னா ஒரு தார்ப்பாய் வேணும்.”

“இதுக்குத்தானா?” என்றார் சீனியம்மாள். வீட்டுக்குப் போய் மிளகாய் வத்தல் காயப்போடும் தார்ப்பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். நாலு கம்பை நட்டு மேற்குப் பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மறைத்தார்கள். குழாயின் இரண்டு வாயிலும் சாக்கைச் சுருட்டி அடைத்தார்கள். ஆதம் குழாய் விளிம்பில் இருந்த துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பளபளவென்று தேய்த்து எடுத்தார். துப்பாக்கி மூக்கில் ஒட்டியிருந்த இரும்புப் பொரியைச் சுரண்டினார். பிறகு இரண்டு ஜாயின்ட் போட்டார்.

மறுநாள் ஜோஷ்வா பிலிமைக் காட்டினார். சீனியம்மாளும் எட்டிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லையே,” என்றார் கவலையோடு.

“அதுதான் மெம்பர் வேணும்,” என்றார் ஜோஷ்வா.

ஆதம் அன்று மத்தியானம் நிறைவாகச் சாப்பிட்டார். சாயங்காலம் வாரியத்தின் ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட உபகரணங்கள் முப்பத்தொன்று கொண்ட பட்டியலை ஒருவர் உரக்கப் படித்தார். அதில் தார்ப்பாய் இல்லை. குடிநீர்க் குழாய்க்குள் சாக்கு வைத்தது பொதுச் சுகாதாரக் குற்றம் என்று மற்றவர் எழுதிக்கொண்டார். சாக்கை வெளியே எடுத்தாயிற்றே என்று ஆதம் சொன்னார். எடுத்ததால் தடயத்தை அழித்த குற்றமும் சேர்ந்தது. அறிக்கையின் கடைசி வரி இது: ‘மேற்படி இரு இணைப்புகளில் துளை எதுவும் காணப்படாதது சந்தேகத்தை வலுப்படுத்துகிறது.’

தார்ப்பாய் அரக்கு முத்திரை வைத்து எடுத்துச் செல்லப்பட்டது. இரண்டு ஜாயின்ட்டையும் அறுத்தெடுக்க உத்தரவு வந்தது.

“நல்லா இருக்குறதையா அறுக்கச் சொல்லுதாவ?” என்று கேட்டார் சீனியம்மாள்.

ஆதம் அறுத்தார். அத்தனை வருட வேலையில் நல்ல வெல்டு ஒன்றைத் தன் கையாலேயே அறுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. கண்ணாடி முகமூடியை வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணர் கருத்து வந்தது. உருகிய இரும்பைப் பாதுகாப்பது வாயு. துளை விழுகிறது என்றால் பாதுகாப்புப் போதவில்லை. ஆகவே நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டராக இருக்கும் வாயுவை நாற்பத்தைந்து லிட்டராக உயர்த்துக.

“கூட்டுனா கெட்டுப்போகும் சார்,” என்றார் ஆதம். “வேகமாப் போற கேஸு சுழிச்சுக்கிட்டுப் போகும். சுழிக்கிறப்ப பக்கத்துக் காத்தையும் சேத்துல்லா இழுக்கும்.”

சுயம்புலிங்கம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “பாதுகாப்பு கூடுனா கெடுதின்னு சொல்லுத முத ஆளு நீருதான்வே. இத வெளியே சொல்லாதேயும்.”

வால்வை நாற்பத்தைந்தில் திருப்பி, யாரும் குறைத்துவிடாதபடி ஈயக் கட்டி முத்திரை வைத்தார்கள். அடுத்த பத்து ஜாயின்ட்டில் முந்நூற்று நாற்பது துளைகள். பிலிமைப் பார்த்த ஜோஷ்வா எண்ணுவதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆளைக் கேட்டார்.

வாரியம் கூடி ஆலோசித்தது. வாயுவை மூன்று மடங்காக்கியும் துளை மூன்று மடங்கானது ஏன்? வெல்டர் வாரியத்தின் வாயுவுக்கு ஒத்துழைக்கவில்லை. ஆதமின் வெல்டர் அட்டை விசாரணை முடியும்வரை பறிமுதல் செய்யப்பட்டது. அந்த அட்டை இல்லாவிட்டால் இங்கே மட்டுமல்ல, எந்த நாட்டிலும் அவரைக் குழாய்ப் பக்கம் விடமாட்டார்கள். இருபத்தைந்து வருடமாக அவர் சட்டைப் பையில் இருந்த அட்டை. அன்று முழுவதும் அவர் கை அடிக்கடி வெறும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“ஊர்ல இருக்கிற காத்துக்கெல்லாம் நீங்களா பொறுப்பு?” என்றாள் முபஷ்ஷிரா. ஆலோசகரின் அறிக்கைக்குப் பிறகு அவள் அவரோடு சண்டை போடுவதைக் குறைத்திருந்தாள். அதுவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

இதற்கிடையில் வாரியம் ‘துளையிலா வாரம்’ கொண்டாட முடிவு செய்தது. ஊர்வலம், உறுதிமொழி, வாரியத் தலைவர் முன்னிலையில் மாதிரி வெல்டிங். வெல்டிங் செய்ய ஆள் வேண்டுமே என்பது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. ஆதமுக்கு ஒரு நாள் மட்டும் செல்லும் தற்காலிக அட்டை எழுதிக் கொடுத்தார்கள்.

குழாய் ஓரத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். முதலில் மேலே மட்டும்தான் துணி இருந்தது. ஊர்வலம் வந்து சேர்வதற்குள் பதாகை இரண்டாகக் கிழிந்தது. உறுதிமொழித் தாள்கள் பறந்து பருத்திக் காட்டில் இறங்கின. தலைவர் மேடையேறியதும் ஒரு கூடை புழுதி அவர் முகத்தில் வந்து விழுந்தது. சுயம்புலிங்கம் ஓடினார். மேற்குப் பக்கமும் இரண்டு பக்கவாட்டும் கனத்த படுதா கட்டினார்கள். தலைவர் வாயைத் திறந்ததும் குழாயின் திறந்த வாய் வழியாகக் காற்று ஊளையிட்டு, அது மைக்கில் அவர் குரலைவிடச் சத்தமாகக் கேட்டது. சுயம்புலிங்கம் தலைவருக்காக வைத்திருந்த பொன்னாடைகளில் ஏழெட்டைச் சுருட்டிக் குழாயின் இரண்டு வாயையும் அடைத்தார். அப்போதும் எங்கிருந்தோ ‘உஸ்’ என்று ஒரு சத்தம். சிலிண்டரிலிருந்து வந்தது.

“சத்தத்தக் கொறையும்வே,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“முத்திரை இருக்கே சார்.”

“தலைவர் பேசுதாவ. முத்திரையப் பிய்யும்.”

ஆதம் முத்திரையைப் பிய்த்து, வால்வைப் பதினைந்துக்குத் திருப்பினார். சத்தம் நின்றது. பந்தலுக்குள் ஒரு நூல்கூட ஆடவில்லை. ஆதம் மேலும் கீழும் பார்த்தார். அவர் கேட்டது அத்தனையும் அங்கே இருந்தது.

தலைவர் பேசினார்.

“முப்பத்தோரு வருட சேவையில் நான் ஒரு குழாயைக்கூடத் தொட்டதில்லை. தொட்டால் பாரபட்சம் வந்துவிடும். நண்பர்களே, துளை என்பது என்ன? எதுவுமே இல்லாத இடம். எதுவுமே இல்லாத இடத்தை நிர்வகிப்பதில் நம் வாரியத்துக்கு நிகராக இன்னொரு அமைப்பை நீங்கள் காட்ட முடியாது. இந்த வாரியம் தோன்றுவதற்கு முன்னால் இந்த மாநிலத்தில் ஒரு துளைகூடப் பதிவாகவில்லை. இன்று நானூற்று ஐம்பத்திரண்டு. இதற்குப் பெயர்தான் வளர்ச்சி. தண்ணீர் எப்போது வரும் என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்டால் குழாய்க்குள் நாம் எதைப் பார்ப்பது? ஆய்வுக்குரிய காலம் இதுதான். இதை நாம் தவறவிடக் கூடாது.”

பின்வரிசையில் இருந்த சீனியம்மாள் ஒரு கேள்வி கேட்க எழுந்தார். கைதட்டலுக்கு எழுந்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

ஆதம் வெல்டு போட்டார். ஜோஷ்வா அங்கேயே படம் எடுத்து, வேனுக்குள் வைத்துக் கழுவி, ஈரம் காயாமல் கொண்டுவந்தார். ஒரு புள்ளி இல்லை.

தலைவர் பிலிமைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “ஆச்சரியம்தான்,” என்றார். “இதே ஆள். இதே குழாய். இதே வாயு. இன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம்?”

“படுதா ஐயா,” என்றார் ஆதம்.

“படுதா நன்றாகத்தான் இருக்கிறது. நான் கேட்டது காரணத்தை.”

தலைவரே யோசித்துச் சொன்னார். “இன்றைக்கு மட்டும் நான் இருக்கிறேன்.”

சுயம்புலிங்கம் முதலில் கைதட்டினார்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. மேலதிகாரியின் நேரடி முன்னிலை துளைகளைத் தடுப்பது நிரூபணமாகிவிட்டது. இனி ஒவ்வொரு இணைப்பும் உதவிச் செயற்பொறியாளர் முன்னிலையில் மட்டுமே போடப்பட வேண்டும். அவரே பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். தற்காலிக அட்டை நாள்தோறும் புதுப்பித்துக் கொடுக்கப்படும்.

ஆதமுக்கு இதில் வருத்தமில்லை. அதிகாரி வந்தால் பந்தல் வரும். பந்தல் வந்தால் படுதா வரும். குழாய் ஊளையிட்டால் அதிகாரிக்குத் தலைவலி வருவதால் அடைப்பும் வந்தது. வால்வில் பிய்ந்த முத்திரையை மறுபடி வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எட்டு நாள் சாமியானா ஜாயின்ட் ஜாயின்ட்டாகத் திருவேங்கடம் சாலையில் நகர்ந்தது. உள்ளே நாற்காலியில் சுயம்புலிங்கம் தினத்தந்தியின் வரி விளம்பரங்களையும் விடாமல் படித்தார். எட்டு நாளும் ஒரு துளை இல்லை. சுயம்புலிங்கத்துக்குத் தன்னிடம் ஏதோ இருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. வெல்டு ஓடும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு அதை உற்றுப் பார்க்கலானார்.

ஒன்பதாம் நாள் தணிக்கைக் குழு வந்தது. அதிகாரிகள் பந்தல் நிழலில் அமர்வது எளிமைக்கு முரணானது, மக்களிடையே தவறான எண்ணத்தை உண்டாக்கும் என்று எழுதிவிட்டுப் போனது. பந்தலைப் பிரித்தார்கள். சுயம்புலிங்கம் ஒரு குடையோடு வெட்டவெளியில் உட்கார்ந்தார். குடை பத்து நிமிடம் தாங்கியது.

“இன்னைக்கு வேண்டாம் சார்,” என்றார் ஆதம். “பொத்தல் விழும்.”

“நான் இருக்கேம்லா. நீரு போடும்.”

நான்கு ஜாயின்ட்டில் இருநூற்றுப் பதினாறு துளைகள்.

இந்தத் தடவை ஆதம்மேல் பழி வரவில்லை. படிவம் ஒன்பது திருத்தப்பட்டிருந்தது. துளைக்கான காரணம்: முன்னிலை வகித்த அதிகாரியின் கவனக்குறைவு, அதிகாரியின் அனுபவக்குறைவு, அதிகாரியின் உடல்நிலை, அதிகாரியின் மனநிலை, அதிகாரியின் குடும்பச் சூழல், அதிகாரி தொடர்பான பிற காரணங்கள்.

ஷீலா படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். “குடும்பச் சூழல்னு போட்டுரட்டுமா சார்? ஆலோசனை மட்டும்தான்.”

“ஏம்மா,” என்றார் சுயம்புலிங்கம் பலவீனமாக, “காத்துன்னு ஒரு கட்டம் கிடையாதா?”

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அவர் ஆதம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. முபஷ்ஷிரா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“ஆதம், உமக்குத் தெரியாதது இல்லை. இது காத்தால வருதது.”

“ஆமா சார். முத நாளே சொன்னேன்லா.”

“அதுதான்வே சிக்கல்.” சுயம்புலிங்கம் தேநீரைத் தொடவில்லை. “காத்துன்னு நான் இப்ப எழுதப்போறேன். எழுதுனா, எப்பத் தெரியும்னு கேப்பாங்க. ஆனியிலேயே வெல்டர் சொன்னாருன்னு வந்துச்சுன்னா, இத்தனை நாளு என்ன செஞ்சேன்னு கேப்பாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.”

“எனக்கும் அது தெரியணும்னு இருந்துச்சு சார்,” என்றார் ஆதம். குத்தலாகச் சொல்லவில்லை.

சுயம்புலிங்கம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டைப் அடித்திருந்தது. ‘காற்றின் காரணமாகத் துளை ஏற்படும் என்பது எனக்கு இதுவரை தெரியாது. மதிப்பிற்குரிய உதவிச் செயற்பொறியாளர் அவர்கள் தமது தொடர் ஆராய்ச்சியின் மூலம் இதனைக் கண்டறிந்து எனக்கு விளக்கினார்கள். இப்படிக்கு, ஆதம், வெல்டர்.’

ஆதம் இரண்டு தடவை படித்தார். கதவருகில் நின்ற முபஷ்ஷிராவிடம் நீட்டினார். அவளும் படித்தாள்.

ஆதமுக்குக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பதினாறு வயதில் வெல்டிங் பழகிய முதல் வாரமே மேஸ்திரி மின்விசிறியை நிறுத்தச் சொன்னதிலிருந்து தெரிந்த விஷயம். அது தெரியாது என்று தன் பெயரைப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இந்த மனிதர் மாட்டிக்கொள்வார். அதில் நியாயம் உண்டு. ஆனால் விசாரணை நடக்கும். விசாரணை முடியும்வரை வேலை நிற்கும். சீனியம்மாள் வீட்டு வாசலில் வெறும் குடங்கள் வரிசையாக வந்து உட்காரும்.

“போட்டுத் தாரேன் சார்,” என்றார். “ஆனா என் அட்டை நாளைக்கு என் பையில இருக்கணும். தார்ப்பாய் ஆறு. குழாய் வாய்க்குச் சரியான மூடி நாலு. அந்த மெம்பர் அம்மா தார்ப்பாயையும் திருப்பிக் குடுத்துரணும்.”

“அது முத்திரை போட்ட சான்றுப் பொருளு வே.”

“அப்ப ஆராய்ச்சிய வேற யாருகிட்டயாவது சொல்லிக்காட்டுங்க சார்.”

சுயம்புலிங்கம் முபஷ்ஷிராவைப் பார்த்தார். அவள், “பழம் நல்லா இருக்கு சார், எங்கன வாங்குனிய?” என்று கேட்டாள்.

“தாரேன்வே. எல்லாம் தாரேன்.”

ஆதம் கையெழுத்துப் போட்டார். சுயம்புலிங்கம் தெருமுனை திரும்பிய பிறகு, “கஷ்டமா இருக்கு,” என்றார்.

“காத்தக் கண்டுபிடிச்சது அவுகன்னா இருந்துட்டுப் போகட்டும்,” என்றாள் முபஷ்ஷிரா. “நல்லவேளை, இத்தனை வருஷம் என்னத்த வச்சு மூச்சு விட்டிய, எங்கன கிடைச்சுதுன்னு கேக்காமப் போனாரே.”

ஆதம் சிரித்தார். பல நாளைக்கப்புறம் அவள் அவரிடம், கால்களைக் கழுவாமல் உள்ளே வந்ததற்காகச் சண்டை போட்டாள்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு அட்டை வந்தது. பன்னிரண்டு மணிக்குத் தார்ப்பாய் வந்தது. ஐந்து வாரமாக முடியாத காரியம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. தார்ப்பாய்களின்மேல் வாரியத்தின் சின்னம் அச்சடித்திருந்தது, ஒரு குழாயும் அதைப் பார்க்கும் ஒரு கண்ணும். ஆதம் சின்னம் உள்பக்கம் வரும்படி கட்டினார். வெளியே இருந்தால் சாலையில் போகிறவர்கள் நின்று நின்று பார்க்கிறார்கள், வண்டி ஓட்டம் கெடுகிறது.

பழைய ஜாயின்ட் அத்தனையையும் அறுத்து மறுபடி போட வேண்டியிருந்தது. ஆடியில் மீதி நாள் முழுக்க ஆனது. ஒவ்வொரு நாளும் துருவைத் தேய்ப்பார், வாயை மூடுவார், தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார், உட்காருவார். ஜோஷ்வா எண்ணுகிற வேலையே இல்லாமல் போய், பிலிமுக்கு வெறும் சுழி போட்டுக்கொண்டு வந்தார். ஆவணி மூன்றாம் வாரம் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். நான்கு மணி நேரம் அழுத்தமானியின் முள் அசையவில்லை. மறுநாள் சீனியம்மாள் ஊரில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, அப்புறம் தெளிந்தது. யாரோ ஒரு பெண் முதல் குடத்தை நிரப்பிக்கொண்டு போய் மெம்பர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். சீனியம்மாள் ஆதமுக்குப் போன் செய்து அதைச் சொன்னார். பிறகு, தார்ப்பாய் வந்தாச்சு, அரக்குதான் போகமாட்டேங்குது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புரட்டாசியில் வாரியம் ‘பற்றவைப்பும் வளிமண்டலமும்’ என்ற தலைப்பில் ஒரு நாள் பயிற்சி நடத்தியது. வகுப்பெடுத்தவர் சுயம்புலிங்கம். அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. பயிற்சி எல்லா வெல்டர்களுக்கும் கட்டாயம். ஆகவே ஆதம் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷீலா வருகைப் பதிவேட்டில் அவரிடம் கையெழுத்து வாங்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

காற்று எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, அதன் வகைகள் எத்தனை என்று சுயம்புலிங்கம் இரண்டு மணி நேரம் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். கேட்கக் கேட்க ஆதமுக்கே சில இடங்கள் புதிதாக இருந்தன. கடைசியில் சந்தேகம் உண்டா என்று கேட்டார்.

ஆதம் எழுந்தார். “அடுத்த லைன் சிவகிரிப் பக்கம்னு சொல்லுதாவ சார். மலையடிவாரம். ஐப்பசியில மழை பிடிச்சுக்கிடும். குழாய் நனைஞ்சு கிடந்தாலும் பொத்தல் விழும். ஈரம் கொதிச்சு ஆவியா உள்ள போயிரும். வெல்டு போடுறதுக்கு முன்னால குழாயச் சூடு காட்டிக் காய வைக்கணும். அதுக்கு ஒரு பர்னர் வேணும்.”

சுயம்புலிங்கம் ஷீலாவைப் பார்த்தார். ஷீலா புதிய படிவம் ஒன்பதைப் புரட்டினார். வளிமண்டல இடையூறு என்று முதல் கட்டம் இருந்தது. ஈரம் என்று எதுவும் இல்லை.

“இல்லையே சார்,” என்றார் மெதுவாக.

“ஈரத்த இன்னும் யாரும் கண்டுபிடிக்கலையே வே,” என்றார் சுயம்புலிங்கம்.

“அப்ப நீங்களே கண்டுபிடிச்சுருங்க சார். எனக்குத் தெரியாதுன்னு இப்பவே கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

சுயம்புலிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி ஆதமிடம் நீட்டினார்.